எருக்கஞ்செடியின் முன் ஒரு சொற்பொழிவு

திருச்சியில் எங்கள் கல்லூரி மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பாழ்மனை கிடந்தது. கோடை முடியும் நாட்களில் அங்கே எருக்கு மட்டும் பூத்து நிற்கும். அதன் இலைகளில் மஞ்சளும் நீலமுமாக வெட்டுக்கிளிகள் அமர்ந்திருக்கும். அடியிலுள்ள மணலில் குழியானைப் பூச்சிகள் பள்ளம் பறித்து எறும்புக்குக் காத்திருக்கும். கொல்லிமலையில் தேவனூர் நாட்டிலிருந்து இறங்கி வந்த எனக்கு, அந்த நகரத்தில் என் ஊரின் சாயல் தென்பட்ட இடம் அது ஒன்றே. ஆகவே மேடைப் பேச்சுக்கு அங்கேயே ஒத்திகை பார்த்தேன். "அவையோரே!" என்று குரலை உயர்த்தும்போது ஒரு வெட்டுக்கிளி துள்ளினால், அதைக் கரவொலியாகவே ஏற்றுக்கொள்வேன்.

இதை அறிந்தவன் ஒருவனே: துறையூர்ப் பக்கத்து நண்பன், பேச்சில் எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவன். என்னோடு குந்தியிருந்து குழியானையின் பள்ளத்தை ஊதிப் பார்த்துச் சிரித்தவன்.

அவ்வாண்டு சென்னையில் நடக்கவிருந்த பேச்சுப் போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை தொலைவு அனுப்ப அப்பா தயங்கினார். "நான் வந்து எடுத்துச் சொல்றேன்" என்றான் நண்பன். இருவரும் புளியஞ்சோலை வழியாக மலையேறினோம்.

அம்மா இட்ட சாமைச் சோற்றை உண்டு முடித்ததும் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஏனுங்கய்யா, மறைச்சாப் பாவமுங்க. உங்க மகன் பொழுது சாஞ்சாப் பாழ்மனையில எருக்கஞ்செடிகிட்டத் தனியா நின்னு பேசறானுங்க. பூச்சியப் பாத்து 'அவையோரே'ங்கறானுங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "பாழ்மனையிலயா சாமி? காத்துக் கறுப்பு அண்டிருச்சா?"

நான் எழுந்தேன். அது பயிற்சி என்பதை எடுத்துரைத்தேன். பேச்சாளன் கூச்சத்தை எவ்வாறு வெல்கிறான் என்று விளக்கினேன். தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் அவ்வளவு செம்மையாக அமைந்த பேச்சை நான் எந்த மேடையிலும் நிகழ்த்தியதில்லை. கை தானாக நீண்டது. குரல் கூரையைத் தொட்டது.

"இதே மாதிரிதானுங்க" என்றான் நண்பன் மெல்ல.

அப்பா நீண்டிருந்த என் கையைப் பிடித்து இறக்கினார். "போதும் கண்ணு. உக்காரு. மெட்ராசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மறுநாள் காலையில் கோயில் பூசாரி வந்து என் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார். கல்லூரியின் பெயர் கெடலாகாது என்று நண்பன் மிகவும் வருந்தினான். என் இடத்தில் தானே போய் வருவதாகச் சொன்னான். நல்ல பிள்ளை என்று அம்மா அவனுக்கு ஒரு பலாப்பழத்தைக் கட்டிக் கொடுத்தாள்.

இறக்கம் தொடங்கும் இடம்வரை அப்பாவும் நானும் உடன் சென்றோம். பழத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் என் காதருகே குனிந்தான்.

"உம் பேச்சு முழுக்க எனக்கு மனப்பாடம்டா. வீணாப் போவாது."

மறுமொழிகள் என் நாவில் திரண்டு நின்றன. அவற்றுள் எதைச் சொன்னாலும் அவனைத் தலைகுனிய வைத்திருக்கும். ஆனால் அப்பா என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பாறைகளுக்கிடையே இறங்கி மறைந்தான்.

வீடு திரும்பியதும் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "வழி நெடுக ஒரு வார்த்தை பேசல. கயிறு வேல செஞ்சுருச்சு."