ஏதாவது ஒரு நம்பர்

இன்ஜினியரிங் முடித்த கையோடு வைட்ஃபீல்டில் ஒரு மருத்துவ சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன கிளினிக்கைக் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. அங்கிருந்த டாக்டரம்மாவிடம் ஓவராக அளந்தேன்.

"பாஸ்வேர்ட் இல்லாம ஒரு ஈ கூட உள்ள போகாது மேடம்."

"ஈய விடுப்பா, மனுஷங்க?" என்றார். சிரித்து வைத்தேன்.

நோயாளிகளைப் பதிவுசெய்யும் பக்கம் என் கைவண்ணம். போன் நம்பர் போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் அந்த நம்பருக்குத் தானாகவே மெசேஜ் போய்விடும். இதற்கு டீம் மீட்டிங்கில் கைதட்டல்கூட வாங்கியிருந்தேன்.

முதல் வாரமே, கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்க்கும் ஓர் அக்கா இருமிக்கொண்டே வந்தார். ரிசப்ஷனிஸ்ட் லீவு என்பதால் கவுண்டரில் நான்.

"நம்பர் சொல்லுங்கக்கா."

"போன் ரிப்பேர்ல கெடக்கு தம்பி. புது சிம்மு, நம்பர் ஞாபகமில்ல."

பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். "ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்கக்கா, இது நகர மாட்டேங்குது."

அவருக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே நம்பர். லீவு சொல்லக் கூப்பிடும் லைன் சூப்பர்வைசருடையது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னார். யாருடையது என்று நான் கேட்கவில்லை. தட்டினேன், நகர்ந்தது.

நாலாம் நாள் சளி டெஸ்ட் ரிசல்ட் வந்தது. அவர் பெயரோடு, காசநோய் என்று, நேராக சூப்பர்வைசர் போனுக்கே போய்விட்டது.

மறுநாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தார்.

"சூப்பர்வைசர் கன்னடத்துல 'ஒளகெ பரபேடா'ன்னு கேட்லயே நிறுத்திட்டாரு தம்பி, உள்ளயே விடல. ஃப்ளோர் பூரா தெரிஞ்சுபோச்சு. உள்ள கெடந்த என் கத்தரிக்கோல வாட்ச்மேன் கவர்ல போட்டு, தள்ளி நின்னு கீழ வெச்சிட்டுப் போறான்."

மாத்திரை ஆரம்பித்து மறுபடி டெஸ்ட் எடுத்தபின் வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா லெட்டர் எழுதினார். நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

"என் தப்புதான் தம்பி, யாரோட நம்பரையோ குடுத்துட்டேன். பாவம், உன் மெஷின் என்ன பண்ணும்?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வேலை போய்விடுமோ என்ற பயம்.

"பரவாயில்லக்கா" என்றேன், நான் என்னவோ அவரை மன்னிப்பது மாதிரி. லெட்டரை நாலாக மடித்துக்கொண்டு ஃபேக்டரிப் பக்கம் நடந்தார்.

மதியமே நம்பர் கட்டாயம் என்பதையும், மெசேஜிலிருந்து நோயின் பெயரையும் எடுத்தேன். ரெண்டே கிளிக். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'சின்னத் திருத்தம்' என்று அடித்துவிட்டு சேவ் செய்தேன்.