மறியலில் காட்டிய கருவி

இடஒதுக்கீடு கேட்டு ஊரே சாலையில் உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் நான் அறிவியலும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். முடித்தால், புதுக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் வேலைக்குப் போகலாம்.

வடக்கனந்தல் மறியலில் முன்வரிசையில் இருந்த பெரியப்பா சிரித்தார். "வக்கீலுக்குப் படிக்கறவளுக்கு கெமிஸ்ட்ரி இன்னாத்துக்கு? உங்களுக்கு சீட்டு கேட்டு நாங்க வெயில்ல காஞ்சிக்கினு இருக்கோம். நீ பேரு தெரியாத படிப்புல போய் விழறியே!"

எங்கள் பக்கம் சட்டப் படிப்பு என்றால் வண்டிக் கண்ணாடியில் ஒட்ட ஒரு 'அட்வகேட்' ஸ்டிக்கர், மறியலில் பிடிபட்டவனை ஜாமீனில் எடுக்க ஓர் ஆள். அவ்வளவுதான்.

மரவள்ளிக் கிழங்கை உடையாமல் பிடுங்க, டிராக்டரில் மாட்டும் கருவி ஒன்றைப் பெரியப்பா செய்திருந்தார். நல்ல மூளைதான். ஆனால் அதை மறியலுக்கே ஓட்டிவந்து, மாலை போட்டு நிறுத்தி, வந்தவனுக்கெல்லாம் கழற்றிக் காட்டினார்.

"காப்புரிமைக்கு எழுதிப் போட்டுட்டு அப்புறமா காட்டுங்க பெரியப்பா" என்றேன்.

"யோசனைய எவனாச்சும் திருடுவானா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டமும் சிரித்தது.

நான் நான்காம் ஆண்டு படிக்கையில், வெளியூர்ப் பட்டறை ஒன்று அதே கருவியை விற்க ஆரம்பித்தது. பெரியப்பா ஃபோன் செய்தார். "கேஸ் போடணும்மா."

ஊரறியக் காட்டிவிட்ட பொருளுக்கு இனிமேல் காப்புரிமை கிடைக்காது என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்? நெஜ வக்கீலாப் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

கள்ளக்குறிச்சியில் ஒருவரைப் பார்த்தும்விட்டார். அவர் வண்டியில் ஸ்டிக்கர் பெரிதாக இருந்ததாம்.