பனங்கொண்டையைப் பார்த்த விளக்குகள்

ஊசிப்போன பூண்டின் நெடி. திருவிழாக் கடையொன்றில் கார்பைடு விளக்கு மங்கிப்போக, கடைக்காரர் அதில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போகிறவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் நின்று நெஞ்சு நிறைய இழுத்தேன். அந்த நெடிக்குள்தான் அத்தானின் மோட்டார் வண்டி இன்னும் நிற்கிறது, மூக்கைத் தூக்கிக்கொண்டு.

அத்தான் என் அக்காவின் வீட்டுக்காரர். ஆழ்வார்திருநகரியில் நெல் வியாபாரம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அந்த வண்டியை வாங்கி, முதல் சவாரியாக அக்காவை வண்ணார்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். வழியில் இருட்டிவிட்டது. துரை வௌவால் சுடுவதற்குத் திருப்பி வைத்திருந்தாரோ என்னவோ, வண்டியின் இரண்டு கார்பைடு விளக்குகளும் பனைமரங்களின் கொண்டையைத் தேடித் தேடிக் காட்டின. தூக்கணாங்குருவிகள் விழித்துக்கொண்டன. ரோடு மட்டும் தெரியவில்லை. வண்டி வயலில் இறங்கி, நாற்றுக்கு நடுவே நின்றது.

சேற்றுப் புடவையோடு வந்த அக்கா சொல்லிவிட்டாள்: "வெளிச்சம் ரோட்டுல விழட்டும், ஏறுதேன். இல்லைன்னா எனக்கு மாட்டு வண்டி. நீங்க உங்க மோட்டாரோட குடும்பம் நடத்துங்க."

மோட்டாரில் போன பெண்டாட்டி மாட்டு வண்டியில் வந்து இறங்கினால், அத்தான் தன் தெருவில் எப்படித் தலைகாட்டுவார்?

அவர்கள் ஊர் திரும்பப் புறப்பட நல்ல நேரம் விடியுமுன் கருக்கலில். அத்தான் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரைப் பார்க்க வண்டியை நிறுத்தினார். சுவரில் முழங்கால் உயரத்துக்கு நான் கரியால் ஒரு கோடு இழுத்தேன். வெளிச்சம் கோட்டில் விழுந்தால் ரோட்டிலும் விழும் என்பது அவர் கணக்கு. கார்பைடில் தண்ணீர் சொட்டவிட்டு, தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்து, விளக்கைத் தாங்கும் இரும்புக் கவைகளை உலக்கையால் பையத் தட்டி வளைத்தார். வெளிச்சம் இறங்கி இறங்கி, கோட்டில் கோழி போல உட்கார்ந்தது.

"விழுந்துட்டு மச்சான்!" என்று உலக்கையை உயர்த்தினார். திரும்பிப் பார்த்தால் வெளிச்சம் ஜன்னலில் நிற்கிறது.

வண்டிக்குப் பின்னால் அம்மா. பின்சீட்டில் அரிசி மூட்டையை ஏற்றச் செய்திருந்தாள். நெல் வியாபாரி வீட்டுக்கு அரிசி! பின்பக்கம் அமுங்கியதும் முன்பக்கம் நிமிர்ந்துவிட்டது. மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவள் பின்னால், அவர் முன்னால், நடுவில் நான்.

"போதும்னு அத்தைகிட்டச் சொல்லும்வே."

"அம்மா, போதுமாம்."

"ஒண்ணுமே ஏத்தலையேன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லுலே" என்றாள், கருப்பட்டிச் சிப்பத்தை உள்ளே தள்ளிக்கொண்டே.

மறுபடி உலக்கை. மறுபடி கோடு. மறுபடி, அண்டா போன்ற ஒரு முறுக்குப் பானை. வெளிச்சம் மொட்டைமாடிக்கே ஏறிவிட்டது. அங்கே படுத்திருந்த எதிர்வீட்டு அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலே அதை நோக்கிப் பயபக்தியாகக் கும்பிட்டார். பிறகு திறந்தார்.

"ஏலே! சூரியன் மேக்க உதிக்குது!"

"விளக்கை உங்க சுவத்துக் கோட்டுக்குத் திருப்புதோம் அண்ணாச்சி" என்றேன்.

"எங்கனலே திருப்புதீய? நான் வேணா இறங்கிவந்து அந்தக் கோட்டுல உக்காரட்டுமா?"

அத்தான் உலக்கையைக் கீழே போட்டார். "இனி ஒரு தட்டு தட்டினா கவை ஒடிஞ்சிரும். மூட்டையை இறக்கிருவோம்."

"பொண்ணுக்கு ஏத்தின சீரை இறக்கப்படாதுன்னு சொல்லுலே!" என்று மூட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

சேவல் கூவியது. தெருமுனையில் எங்கள் மாட்டுவண்டிக்காரர் கூப்பிடாமலேயே காளைகளைப் பூட்டத் தொடங்கினார். அந்தச் சலங்கைச் சத்தத்தில் அத்தானின் முகம் வாடிப்போனதைக் கார்பைடு வெளிச்சமில்லாமலே பார்க்க முடிந்தது.

வாசலில் இடுப்பில் பூசணிக்காயோடு நின்ற அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், காளைகளைப் பார்த்தாள், மாடியில் குந்தியிருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். விறுவிறுவென்று வந்து, பின்சீட்டுக்குப் போகாமல், முன்சீட்டில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். புருஷனுக்குப் பக்கத்தில், முன்னால், திறந்த வண்டியில்! எங்கள் தெரு அதுவரை அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"ஏட்டி, ஊரே பாக்கும்ட்டி!" மாப்பிள்ளை நிற்பதையும் மறந்து அம்மா முன்னால் ஓடிவந்துவிட்டாள்.

"பாக்கட்டும். தம்பி, அந்தப் பானையை என் காலடியில வை. சிப்பத்தையும் இங்கன தா. இறக்கலைம்மா, நகத்துதேன்."

ஒவ்வொன்றாக முன்னால் வர, வண்டி மூக்கைத் தாழ்த்தியது. வெளிச்சம் மாடியை விட்டது, ஜன்னலைத் தாண்டியது, கோட்டுக்கு ஒரு சாண் மேலே வந்து தயங்கியது. அக்கா பூசணிக்காயை மடியில் இறுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். வெளிச்சம் கோட்டில் விழுந்தது.

"இருட்டிட்டு" என்று அண்ணாச்சி மாடியில் திரும்பப் படுத்துக்கொண்டார்.

அத்தான் வண்டியின் முன்னால் நின்று, கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினார். வண்டி இருமி, உறுமி, உடம்பெல்லாம் நடுங்கியது. ஏறி உட்கார்ந்தவர் ஓட்டவில்லை. பூசணிக்காயோடு கூனிக்கிடந்த அக்காவையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைய என்ன பாக்குதீய? ரோட்டப் பாருங்க."