முகூர்த்தம் பார்த்து மாற்றிய சேர்வர்

சேர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்த ஒரு அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். இப்போது நினைத்தாலும் சீ என்று போகிறது.

வெள்ளவத்தையில், காலி வீதியோரம், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடி. முதலாளியும் நானும்தான். ஊரவர்களின் இணையதளங்களை எங்கள் சேர்வர் கணினியில் வைத்து ஓட்டிக் கொடுப்பது தொழில். முதலாளிக்கென்று சொந்தமாக ஒரு மரண அறிவித்தல் தளமும் அதில் இருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து கனடா வரைக்கும் சனம் காலையில் தேத்தண்ணீரோடு திறந்து பார்ப்பது அதைத்தான். யார் போனது, எத்தனை மணிக்குப் பிரேதம் எடுக்கிறார்கள். அதைச் செய்தவர் பி.எச்.பி. என்ற கணினி மொழியின் ஐந்தாம் வேர்ஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அதன் பிறகு யாரும் அதில் கை வைக்கவில்லை.

பிறகு தெஹிவளையில் ஒரு கல்யாண மண்டபக்காரர் வந்து சேர்ந்தார். அவருடைய புதிய தளம் எட்டாம் வேர்ஷன். ஐந்துக்கு எழுதியது எட்டில் ஒழுங்காக ஓடாது, எட்டுக்கு எழுதியது ஐந்தில் ஓடவே ஓடாது. இதொன்றும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. ஒரே சேர்வரில் இரண்டையும் போட்டு, இந்தத் தளத்துக்கு இது, அந்தத் தளத்துக்கு அது என்று பிரித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் மண்டபக்காரர் தளத்தைத் திறக்கவும் முகூர்த்தம் பார்த்திருந்தார். காலை பத்து இருபது. முதலாளி எனக்குச் சொன்னது அன்று காலை ஒன்பதரைக்கு.

"அண்ணை, மத்தியானம் வரைக்கும் நேரம் தாங்கோ. ரெண்டையும் பிரிச்சுவிட்டிட்டுத் திறப்பம்" என்றேன்.

"மத்தியானம் ராகுகாலம் ஐசே. உமக்கென்ன விசரே? எல்லாத்தையும் எட்டுக்கு மாத்திவிடும்."

மாற்றினேன். பிழை வரும் என்று தெரிந்துகொண்டேதான் மாற்றினேன். அதுதான் எனக்கு என் மேலேயே அருவருப்பு. மரண அறிவித்தல் தளத்தின் முகப்பை மட்டும் ஒருமுறை திறந்து பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. தெரிந்தது சேர்வர் முன்பே எடுத்து வைத்திருந்த பிரதி. அதற்குப் பின்னால், போட்டதையும் திருத்தியதையும் பதிந்து வைக்கிற பகுதி முழுவதும் செத்துக் கிடந்தது. பார்க்க வருபவர்களுக்கு அசிங்கமாக இருக்கும் என்று பிழைச் செய்திகள் திரையில் வராதபடி முன்பே நிறுத்தி வைத்தவனும் நான்தான். ஆகவே என்ன பிழைத்தாலும் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும்.

பத்து இருபதுக்குக் கற்பூரம் காட்டினார்கள், சேர்வருக்குப் பொட்டு வைத்தார்கள், வடை கொடுத்தார்கள். அந்தக் கூத்துக்கு நடுவே கொட்டாஞ்சேனைச் செத்தவீடு ஒன்றிலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. நாளைக்கு எடுப்பது மூன்று மணிக்கு அல்ல, பதினொரு மணிக்கு, மாற்றிவிடுங்கள் என்றார்கள். முதலாளி வடை தின்ற கையாலேயே நேரத்தை மாற்றிச் சேமிக்கும் பொத்தானை அமத்தினார். வெள்ளைப் பக்கம் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாத்தியாச்சு" என்று வாய் கூசாமல் சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் பின்னேரம், நேரம் மாறவேயில்லை என்று அந்த வீட்டுக்காரர் முதலாளியைப் போனில் கிழி கிழி என்று கிழித்த பிறகுதான் விஷயம் எனக்குத் தெரியும். உட்கார்ந்து இரண்டு வேர்ஷனையும் பிரித்துவிட்டேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

அதற்கடுத்த நாள் ஒரு அம்மா படியேறி வந்தார். எழுபது வயதிருக்கும். செத்தவர் அவருடைய தம்பி. அக்காவுக்கும் தம்பிக்கும் கனகாலமாகக் கதைபேச்சு இல்லையாம். அந்த வீட்டிலிருந்து அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் தளத்தில் பார்த்துத்தான் செத்ததே தெரியும், நேரமும் அதில் பார்த்ததுதான். தெஹிவளையிலிருந்து பஸ் ஏறி இரண்டரைக்குப் போய் இறங்கினால், வீடு கழுவியாகிவிட்டது. வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. முகம் பார்ப்பதென்றால் வீட்டில் பார்த்தால்தான் உண்டு.

முதலாளி பூசி மெழுகினார். "சேர்வர் தன்ர பாட்டில பிழைச்சுப் போச்சு அம்மா. மெசின்தானே, நாங்கள் என்ன செய்யிறது?" என்று சொல்லி என்னைப் பார்த்தார். "என்ன ஐசே, அப்பிடித்தானே?"

"ஓம்" என்றேன். எனக்கும் வாய் கூசவில்லை. முதலாளி யாரோ கூப்பிட்டதுபோலப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவினார்.

அந்த அம்மா சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை.

"நான் பிழை பிடிக்க வரேல்லைத் தம்பி. அந்த அறிவித்தல்ல இருக்கிற படத்தை ஒருக்காப் பெரிசாக் காட்டுவீங்களே? என்ர போன்ல சின்னனாத் தெரியுது."

திறந்து, திரை முழுவதும் வருமாறு பெரிதாக்கினேன். கறுத்த முடி, அடர்ந்த மீசை. நாற்பது வயதுகூட இருக்காது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிந்து கனநேரம் பார்த்தார்.

"இந்த முகம் எனக்குத் தெரியும் தம்பி. இது நாங்கள் கதைச்சுக்கொண்டிருந்த காலத்தில எடுத்தது" என்றார். "கடைசியா எப்பிடி இருந்தவன் எண்டு பாக்கத்தான் போனனான்."