பேத்தி காரின் முன் சீட்டும் திருகு வைத்த ஷாக்கும்

என் பேத்தி வாங்கியிருக்கும் காருக்கு இரண்டே கதவு. பின்னால் ஒரு சீட் உண்டு என்று விற்றவன் சொன்னானாம். அதில் கைப்பையை உட்கார வைத்தால் கைப்பைக்கே கால் மரத்துப்போகும். ஆக, ஓட்டுகிற அவளைத் தவிர இன்னும் ஒரே ஒரு ஆள்தான் அதில் போக முடியும். அந்த ஆள் நான்தான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புக் கார். தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் ஏறுவது என்பதே கிடையாது, விழுவதுதான். பேத்தி வக்கீல். பாளையங்கோட்டை வீட்டிலிருந்து தினமும் கோர்ட்டுக்கு அதில்தான் போகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை டவுனுக்குக் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். தெருவில் நாலு பேர் பார்க்க நான் அதற்குள் விழுவதற்காகவே வியாழக்கிழமையே சேலையை எடுத்து வைத்துவிடுவேன்.

எங்கள் ஊர் வேகத்தடைகள் அந்தக் காரின் ஷாக்கைத் தின்றுவிட்டன. பள்ளத்தில் விழுகிற அடியைச் சக்கரத்துப் பக்கத்திலேயே வாங்கிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் நம் இடுப்புக்கு அனுப்புகிற குழாய்தான் ஷாக். அது எண்ணெய் கசிந்து, டொக்கு டொக்கென்று தட்ட ஆரம்பித்தது. வண்ணார்பேட்டை மெக்கானிக்கிடம் போனோம்.

"ரெண்டு தினுசு இருக்கு மேடம். ஒண்ணு, தலையில திருகு வச்சது. இங்கிட்டுத் திருகினா மெத்துன்னு போகும். அங்கிட்டுத் திருகினா கல்லு மாதிரி நின்னு ரோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பறக்கும். இன்னொண்ணுல திருகே கெடையாது. செஞ்சவன் வச்சதுதான் அளவு. தெனமும் ஓட்டுத வண்டிக்கு அதுவே போதும்."

"உக்காருதவளுக்கு ஒரு திருகும் கெடையாதா?" என்று கேட்டேன்.

"ஆச்சி, ஒங்களைத் திருப்புத திருகை இன்னும் எவனும் கண்டுபிடிக்கல."

பேத்திக்கு மனசு இரண்டுபட்டது. வேறொரு காரிலிருந்து கழற்றிய திருகு வைத்த ஷாக் அவரிடம் இருந்தது. "மாட்டி விடுதேன். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிச்சா வச்சுக்கிடுங்க, இல்லேன்னா மத்ததை வரவழைக்கேன்" என்றார். மாட்டிக்கொண்டு வந்தோம்.

அந்த வாரம் பார்த்துத்தான் என் மகனின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்லிடைக்குறிச்சிக்காரி. நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். வாயில் அவ்வளவு தேன். கண் ஆபரேஷன் முடிந்து, மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று ஏற்பாடு. அவளைக் கூட்டிவரப் பேத்தி கிளம்பினாள். காப்பியோடு ஜன்னலில் நின்று பார்க்கிறேன், முன் மூடியைத் திறந்து எதையோ திருகுகிறாள். பிறகு டிக்கியைத் திறந்து அங்கேயும் திருகுகிறாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"கல்லிடை ஆச்சி குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதான் மெத்துன்னு வைக்கேன்."

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மதினி வந்து இறங்கினாள். மடியில் அப்பளக் கட்டு. எல்லாரும் அவள் கண்ணைப் பார்த்தார்கள், நான் கட்டைப் பிரித்து அப்பளத்தைப் பார்த்தேன். ஒன்று கூட உடையவில்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து இங்கு வரை கிடக்கிற பள்ளமெல்லாம் அவளுக்காக எழுந்து நின்று வழிவிட்டதா? மத்தியானம் அடுப்பில் அப்பளம் பொரிவதற்கு முன்பே என் வயிற்றில் பொரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. பேத்தி கோர்ட்டிலிருந்து நேரே வந்து, "ஏறுங்க ஆச்சி" என்றாள். மூடியைத் திறக்கவே இல்லை.

"திருகலையா?"

"நான் ஓட்டுதது கல்லுலதான். ஒங்களுக்கு எதுக்கு ஆச்சி மெத்து? நீங்க திடமாலா இருக்கிய."

முருகன்குறிச்சி வேகத்தடையில் ஏறினபோது என் பல்செட் தனியாக ஒரு ஏறு ஏறியது. மேம்பாலத்தில் ஒவ்வொரு இணைப்பையும் முதுகெலும்பு எண்ணிக்கொண்டே வந்தது. திரும்பும்போது காகிதத்தில் மடித்து மடியில் வைத்திருந்த திருநீறு பறந்து மூஞ்சியெல்லாம் அப்பிக்கொண்டது. கோயிலுக்குப் போனவளா, சுடுகாட்டுச் சாமியாரா என்று தெரியாத கோலத்தில் வீட்டுக்குள் வந்தேன். மதினி கறுப்புக் கண்ணாடி வழியாக என்னை நிதானமாகப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் எழுந்ததும் பேத்தியைப் பிடித்துக்கொண்டேன்.

"திருகு வச்சது வேண்டாம். மத்ததைப் போடு."

"ஏன் ஆச்சி?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு கோர்ட்டுல நின்னு கத்துதல்லா? கார்ல மட்டும் ஆளுக்கு ஒரு சட்டமா? திருகு இருந்தா ஓரவஞ்சனை வரும். அவியளுக்கு என்ன அடியோ எனக்கும் அதே அடி. எனக்கு என்ன மெத்தோ அவியளுக்கும் அதே மெத்து."

அவள் சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்தாள். நான் ஜெயித்த தெம்பில், மத்தியானம் மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டீவி பார்க்கக் கூடாது என்பதால் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கென்ன மதினி, குடுத்து வச்சவிய" என்று ஆரம்பித்தாள்.

"எனக்கா?"

"நேத்து ஒங்களைக் கூட்டிக்கிட்டுத் தெருமுனை திரும்பினாளே, எம்மா! விர்ருன்னுலா போனா. என்னைய முட்டைக்கூடை மாதிரிலா உருட்டிக்கிட்டு வந்தா. சேரன்மாதேவி டவுன் பஸ்ஸு முந்துது, டிராக்டர் முந்துது. எனக்கு மானமே போச்சு."

"கண்ணு ஆபரேஷன்லா மதினி?"

"ஆபரேஷன் கண்ணுக்குத்தான, ஆசைக்கா? கல்லு மாதிரி வச்சு ஓட்டுததுதான் அந்தக் காரோட நெசமான ஓட்டமாம், ஒங்க மவன் சொன்னாவ. ஒங்களை அதுல கூட்டிக்கிட்டுப் போறா. எனக்கு மட்டும் தொட்டில். கூடவே இருக்க ஆச்சின்னா சும்மாவா?"

இடுப்பில் தேய்த்திருந்த தைல வாசம் அவளுக்கு எட்டாதபடி சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். முதல்நாள் வாங்கிய ஒவ்வொரு அடியும் இப்போது ஒவ்வொரு நகையாகத் தெரிந்தது. இத்தனை நகையையும் காலையில்தான் நானே பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன்! எழுந்து பேத்தியிடம் ஓடினேன்.

"ஏட்டி, திருகு வச்சதே இருக்கட்டும். கல்லிடை ஆச்சி கண்ணு பாவம்லா. அவியளுக்கு எப்பமும் மெத்துன்னே வையி. என்னைய வேணும்னா கல்லுல கூட்டிக்கிட்டுப் போ, நான் பொறுத்துக்கிடுதேன்."

பொய்ச்சாட்சியைப் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள். "காலையில சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னிய?"

"அப்பம் நான் காப்பி குடிக்கல."

"மெக்கானிக்குட்ட சொல்லியாச்சு ஆச்சி. தெனமும் மூடியைத் தொறந்து திருக எனக்கும் நேரம் கெடையாது. கோர்ட்டுக்குப் போற வண்டிதான, பந்தயத்துக்கா போகுது? நடுவாந்தரமா ஒண்ணு இருந்தாப் போதும்."

புது ஷாக் வந்தது. அதில் முதலில் போனதும் மதினிதான், கண்ணைக் காட்டிவர. போய் வந்தவள், "இப்பம்தான் காரு மாதிரி இருக்கு" என்று என் காதுபடச் சொன்னாள். வெள்ளிக்கிழமை நான் போனேன். முருகன்குறிச்சியில் கார் ஒரு தூக்குத் தூக்கி, உடனே அடங்கிப் பேசாமல் போனது. பல்செட் இருந்த இடத்திலேயே இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன்.

"இந்த எடத்துல கல்லிடை ஆச்சிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"அதே ஷாக்தான ஆச்சி." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அவிய ஒல்லி, ஒங்க கனம் கெடையாது. அவியளுக்குச் சீட்டுல கொஞ்சம் கூடத் தூக்கித்தான் போட்டிருக்கும்."

"கூடவா?"

"கொஞ்சூண்டு."

அந்தக் கொஞ்சூண்டு நகையும் அவளுக்கா கூட?

சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் எப்போதும் எனக்கென்று ஒரு பொட்டலம் அல்வா வாங்குவேன். அன்றைக்கு எனக்கு வாங்கவில்லை. மதினிக்கு மட்டும் அரைக்கிலோவாக வாங்கி, வீட்டுக்கு வந்ததும் சூடு ஆறாமல் அவள் கையில் கொடுத்தேன்.

"எம்மா, இம்புட்டா! ஒங்களுக்கு மதினி?"

"எனக்கு வேண்டாம். மிச்சம் வைக்காம நீங்க சாப்பிடுங்க மதினி. வாரா வாரம் வாங்கியாரேன்."