இடது கைப் பக்கத்துக் கடல்

கப்பல் கவுன்டரில் நான் போட்ட சண்டையை இந்த வாரப் பத்தியில் எழுதியே தீர்வது என்று கரை இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்பதில்தான் நடுவில் ஒரு சிக்கல் வந்துவிட்டது...

முதலில் கப்பல்.

என் அக்கா பாக்கியம் பழவேற்காடு ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டுவரும் மீனைக் கூடையில் வைத்து, பஸ் ஏறி, பொன்னேரி வரைக்கும் போய் விற்றவள் அக்கா. முப்பத்தைந்து வருஷம்! ஆனால் ஒரு நாள்கூட அவள் கடலுக்குள் போனதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஏரியில் பெண்கள் படகேறலாம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிற படகில் மட்டும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மீன் படாதாம்.

கடலிலிருந்து திரும்பும்போது பழவேற்காடு லைட்ஹவுஸ் வெளிச்சம்தான் முதலில் தெரியும் என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். "அத்தப் பாத்தாதான் வூட்டு நெனப்பே வரும்." அந்த வெளிச்சத்தைக் கடலில் இருந்தபடி தானும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அக்காவுக்கு இருந்த ஆசை இவ்வளவுதான்.

அக்கா மகள் செல்விக்கு மீஞ்சூரில் கம்பெனி வேலை. பெற்றவர்களின் கல்யாண நாளுக்கு, சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போய்வரும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டாள். துணைக்கு நான். ஜன்னல் இல்லாத ரூம்தான் அவளுக்குக் கட்டுப்படியானது. அதனால் அப்பாவைக் கேட்டு ஒரு காரியம் செய்தாள்.

"நைனா, கப்பல் வடக்க போனா கர எந்தப் பக்கம் வரும்?"

"இடது கைப் பக்கம்."

உடனே முதல் நாள் சாயந்தரத்துக்கு, மேல்தளத்தின் இடது பக்கத்தில், மூன்று பேருக்கு மேஜை. சாப்பாட்டோடு சேர்த்துத் தனிக் கட்டணம். முன்கூட்டியே கட்டிவிட்டால் நிம்மதி என்று வெப்சைட்டில் போட்டிருந்ததாம். யாருக்கு நிம்மதி என்று போடவில்லை!

கப்பல் கிளம்பியது. அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் மேலே ஏறினோம். குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு. அந்தப் பக்கம் பலூன், மைக், ஏதோ ஒரு கம்பெனியின் பார்ட்டி. "கீழே கவுன்டரில் கேளுங்கள்" என்றார்கள். மாமா கயிற்றருகே நின்றுகொள்ள, நானும் அக்காவும் இறங்கினோம்.

கவுன்டரில் இருந்த பையன் சிரித்த முகம் மாறாமல் சொன்னான். "நோ ப்ராப்ளம் மேடம். நீங்க கட்டின அமௌன்ட் அப்படியே உங்க ரூம் கார்டுல ஆன்போர்டு கிரெடிட்டா ஏத்தியாச்சு. ஸ்பா போகலாம், பர்ஃப்யூம் வாங்கலாம்..."

"எங்களுக்கு இடது பக்கம் வேணும்பா."

"வலது பக்கம் ஓப்பன்தான் மேடம். அங்கயும் கடல்தானே?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அங்கேயும் கடல்தானாம்! உன் வீடு இருக்கிற தெருவும் தெருதான், பக்கத்துத் தெருவும் தெருதான். சாயந்தரம் எதில் போய்க் கதவைத் தட்டுவாய்?

"அப்ப பணத்தைத் திருப்பிக் குடு."

"கேஷா வராது மேடம். இறங்கறதுக்குள்ள யூஸ் பண்ணலைனா லாப்ஸ் ஆயிடும்."

நம் பணம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிரெடிட். அதைத் தயிர் பாக்கெட் மாதிரி காலாவதியும் ஆக்குவார்கள். இதில் நாம் வேறு 'தேங்க்யூ' சொல்ல வேண்டும்... நான் சொல்லவில்லை. கத்தினேன். பின்னால் க்யூ நின்றது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடுடி. கவுத்தாண்ட நின்னு பாத்துக்கறேன்."

"நீ நில்லுக்கா! கார்டு உன் பேர்ல இருக்கு. நீ நகந்தா இவங்க நழுவிடுவாங்க."

நின்றாள். மேனேஜர் வந்தார். அவருக்கு மேலே ஒரு மேனேஜர் வந்தார். விடுவேனா? கடைசியில் இருபது நிமிஷம் கயிற்றைத் திறந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டேன்!

அப்போதுதான் மாமா படியிறங்கி வந்தார். "தாண்டிட்சி கோமளா. கவுத்துக்கு மேல எட்டிப் பாத்தேன். லைட்டு பின்னால போயிட்சி."

அன்றைக்கும் பார்த்தது மாமாதான்.

திரும்பும்போது பலத்த காற்று என்று மேல்தளத்தையே பூட்டிவிட்டார்கள். கிரெடிட் மட்டும் பத்திரமாக இருந்தது. கடைசி நாள் கடைக்குப் போனால், பர்ஃப்யூமை மோந்து பார்த்துவிட்டு, "மீன் வாசனயே தேவல" என்று அக்கா வெளியே வந்துவிட்டாள். கிரெடிட்டைத் தீர்க்க மிச்சம் இருந்தது போட்டோ. கடலும் சூரிய அஸ்தமனமும் அச்சடித்த ஒரு திரைக்கு முன்னால் அக்காவையும் மாமாவையும் நிறுத்தி எடுத்தார்கள். நடுக்கடலில் நின்று, கடல் படத்துக்கு முன்னால் ஒரு போட்டோ! அந்த அநியாயம் இப்போது கோட்டைக்குப்பத்து வீட்டில் டிவிக்கு மேலே தொங்குகிறது.

அதை மாட்டிய அன்று, வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தக் கப்பல்காரர்களை நான் கிழித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ரவுண்டில், மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"இன்னாத்துக்குடி அந்தப் புள்ளயவே திட்டிக்கினு கீற? அவன் ஒரு சாயந்தரம் கவுறு கட்னான். இங்க முப்பத்தஞ்சு வருசமா கட்டி வெச்சிக்கீது. நம்ம படகு எங்க நிக்குது? வாசல்லருந்து அம்பது அடி."

மாமா வலையைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? முன்பின் தெரியாத பையனிடம் தொண்டை கிழியக் கத்தத் தெரிந்த எனக்கு, சொந்த மாமாவிடம் வாய் திறக்கவில்லை. வாரா வாரம் ஊருக்கெல்லாம் நியாயம் எழுதுகிறேன். வெட்கமாக இருந்தது. வெளிச்சம் தாண்டிப் போன நேரத்தில் அவளைக் கவுன்டரில் பிடித்து நிறுத்தியதும் நான்தானே? கோபம் திரும்பி வந்து என் மடியிலேயே உட்கார்ந்துகொண்டது.

நேற்றுக் காலை அக்காவிடமிருந்து போன்.

"முந்தாநாளு சாயந்தரம் உங்க மாமா படகுல நின்னுக்கினு 'ஏறு'ன்னாரு. ஏறிட்டேன். மொகத்துவாரம் தாண்டி, லைட்டு போட்ட பொறவுதான் திரும்புனோம்."

"எப்படி இருந்துச்சுக்கா?"

"சின்னதா கீதுடி. இத்துக்கா இந்த மனுசன் இத்தினி அலட்டிக்கினாருன்னு சிரிப்பு வந்துச்சி. அப்பறம் அழுவாச்சி வந்துச்சி."

"ஊர்ல யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்காமயா? பொம்பளய எப்படி ஏத்தலாம்னு நாலு பேரு கரையிலயே நின்னாங்கோ. உங்க மாமா வாயத் தொறக்கறதுக்குள்ள நானே சொல்ட்டேன்... 'கப்பலுக்கு எம்மவ பணம் கட்னா மாதிரி, இதுக்கு நானும் முன்னாடியே கட்டிட்டேன்பா. முப்பத்தஞ்சு வருசம்!'"