பின்னால் பார்க்கிறவர்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அந்த ஆளைப் பார்த்ததுமே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நரைத்த மீசை, லேசாக வளைந்த கால்கள், தோளில் பச்சைத் துண்டு. நொடிக்கொரு தரம் தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஜேப்படிக்காரன்தான் இப்படிப் பார்ப்பான்.

மெட்ராஸ் பஸ் வந்தது. எல்லோரும் முன்வாசலுக்கு ஓட, அவர் பின்பக்க ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். "நீங்க குந்துங்க சார்" என்று என்னை உட்காரவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். என் சந்தேகம் கூடியது.

"என்ன வேலை பண்றீங்க?"

"கல்கத்தாவுல பெரிய டீம்ல வருசக் கணக்கா புட்பால் ஆடிக்கினு இருந்தேன் சார். நடுவுல ஆடறவன். பந்து வர்றதுக்கு முன்னாடியே பின்னால யாரு நிக்கறான்னு பாத்துக்கணும். அந்தப் பழக்கம் இன்னும் போவல."

"அவ்ளோ பெரிய ஆட்டக்காரர்னா பேப்பர்ல பாத்திருப்பேனே?"

"கோல் போட்டவன் படந்தான் சார் வரும். பந்தைக் குடுத்தவன யாரு பாக்கறாங்க?"

நல்ல கதை என்று நினைத்துக்கொண்டேன். திண்டிவனத்தில் அவர் இறங்கியதும் பையைத் திறந்து துழாவினேன். எல்லாம் இருந்தது. பஸ் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன், அவருடைய துண்டின் மேலேயே நான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். அந்த மனிதர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.